காஞ்சிபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்ட கதை

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போவார்கள், சாமி கும்பிடப் போவார்கள். நான் போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு கையெழுத்து வாங்கப் போனேன். சொந்தமாகப் புகைக்க வைத்திருந்த கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபடுகிறவனைச் சிறைக்கு அனுப்பாதீர்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று கேட்கிற சின்னக் குழு எங்களுடையது. "கஞ்சாவுக்கா வக்காலத்து வாங்குறே?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இப்போதெல்லாம் கேட்கிறவர்களிடமும் ஒரு கையெழுத்து கேட்டுவிடுகிறேன்.

தாம்பரத்தில் காலை 6.10க்குப் பஸ். ஒரகடம், வாலாஜாபாத் வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய். ஜன்னலோரம் என் பக்கத்தில் தணிகாசலம். வயது முப்பத்து நான்கு, தாம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்தவர். சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தோடு பிடிபட்டு எட்டு மாதம் உள்ளே இருந்தார். சிகிச்சைக்குப் போகிறேன் என்று கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதை அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

"உள்ள போறப்போ கஞ்சா விக்கிறவன் ஒருத்தனத்தாம்மா எனக்குத் தெரியும். வெளிய வரப்போ ஆறு பேரத் தெரியும்" என்றார். போதைக்கு எதிரான போர் என்று மேடையில் முழங்குகிறவர்களை இந்த பஸ்ஸில் ஏற்றி அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் அரசு ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்ப் பழக்கத்தை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனால் ஊரில் யாரும் தறியில் உட்கார விடவில்லை. இன்றைக்குத் தன் தெரு ஜனங்கள் முன்னால் முதல்முறையாகப் பேசப் போகிறார். கேட்டுவிட்டு ஒரே ஒருவராவது "வா, உட்கார்" என்று சொல்ல மாட்டார்களா என்பதுதான் அவருடைய ஆசை. பேச வேண்டியதை நான்கு பக்கம் எழுதி மடித்து வைத்திருந்தார்.

7.55க்கு இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டோம். மிளகும் சுக்கும் தூக்கலாக, நெய் வாசனையோடு, ஒரு துண்டு 40 ரூபாய். எனக்கு இரண்டு. தணிகாசலம் பயத்தில் அரைத் துண்டோடு எழுந்துவிட்டார், மீதி அரையும் எனக்கே வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் மண்டபம், ஆட்டோவுக்கு 60 ரூபாய். கூட்டம் பத்து மணிக்கு. நூற்றைம்பது நாற்காலி போட்டிருந்தோம். பத்தே முக்காலுக்கு உள்ளே இருந்தது மூன்று பேர்: நான், தணிகாசலம், எங்களை இறக்கிவிட்டு டீக்காக நின்றுவிட்ட ஆட்டோக்காரர் கரீம் பாய்.

"இன்னாமா நீ, நெசவுக்காரங்களுக்கு ஞாயித்துக்கெழம கூட்டம் வெச்சிக்கினு! அவங்களுக்கு லீவு அமாவாசைக்குத்தான். இன்னிக்கு எல்லா வூட்லயும் தறி ஓடிக்கினு இருக்குது, காது கேக்கலியா?" என்றார்.

கேட்டது. டக், டக் என்று தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தேதி குறித்தது நான், நோட்டீஸ் அடித்தது நான், சென்னைக்காரப் புத்திசாலி. சட்டென்று தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்மா. யாரும் வர மாட்டாங்கன்னுதான் சும்மா இருந்துட்டேன். அவங்க மூஞ்சப் பாத்து எப்டிம்மா பேசறது?"

எரிச்சலில் கத்திவிட்டேன். அப்புறம் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கரீம் பாயும் சிரித்தார். "அவங்க வரலன்னா நாம போலாம், வாங்கபா" என்று ஆட்டோவைக் கிளப்பினார். சாயந்திரம் வரைக்கும் 400 ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

முதல் மூன்று வீட்டில் தணிகாசலம் வாசலோடு நின்றார், பேச்செல்லாம் என்னுடையது. இரண்டு கையெழுத்து கிடைத்தது. நான்காவது வீட்டுக்காரர், "புள்ளைங்க இருக்கற வூடும்மா இது" என்று கதவைச் சாத்தினார். தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போனது. பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடலாம் என்றார்.

ஐந்தாவது வீடு சரளா அக்காவுடையது. தறியில் மயில்கழுத்து நிறத்தில் சேலை, அரக்குக் கரை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து நெய்வதைக் கோர்வை என்கிறார்கள். அதை ஒரே ஆள் நெய்ய முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு, நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். அக்காவுக்கு நாடா கொடுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சேலையைக் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து ஒரு சாண்கூட ஏறவில்லை என்று அக்கா கடுகடுவென்று இருந்தார்.

"இன்னா தணிகா, எங்க போய்ட்ட இவ்ளோ நாளா? கையில இன்னா பேப்பரு?"

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு நான்கு பக்கத்தையும் பிரித்தார். "பெரியோர்களே, தாய்மார்களே..." என்றார். தாய்மார் அங்கே ஒருவர்தான்.

"அட, அத அப்புறம் படிப்பா. கைய கழுவிக்கினு வந்து ஒக்காரு. பேசிக்கினே நாடா குடு" என்றார் அக்கா.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டேன். கை கழுவி, வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஐந்தாறு இழை தளர்ந்துவிட்டது. "கை மறந்து பூட்ச்சா?" என்று திட்டிக்கொண்டே அக்கா பிரித்தார். மறுபடி ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் கையும் சேர்ந்து ஓட, சத்தம் சீரானது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்த தறி திடீரென்று ஓடினால் தெருவுக்குத் தெரியாதா? நாடா கொடுக்க யார் வந்தது என்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அரை மணியில் வாசல் நிறைந்துவிட்டது. தணிகாசலம் தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். மூஞ்சைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, பேச்சு தங்குதடை இல்லாமல் வந்தது! ஜெயில், ஆஸ்பத்திரி, பாத்திரம் கழுவுவது எல்லாவற்றையும் சொன்னார். நடுநடுவே சிரிக்கவும் வைத்தார்.

கதவைச் சாத்தியவரும் கூட்டத்தில் நின்றார். "இப்டி வுட்டுட்டா எம்புள்ளைங்களும் கெட்டுப் போவாதா?" என்று கேட்டார்.

"வுடச் சொல்லலண்ணா. ஒம்புள்ள தப்பு பண்ணிட்டான்னு வெய்யி. எங்க அனுப்புவ? நான் போன எடத்துக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னிடம் பேனா கேட்டார்.

மதியம் அக்கா வீட்டிலேயே சோறும் கருவாட்டுக் குழம்பும். நான்கரைக்கு ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தபோது சேலை ஒரு முழத்துக்கு மேல் ஏறியிருந்தது. மொத்தம் எழுபத்தொரு கையெழுத்து. கடைசியாகப் போட்டவர் அக்கா. "நாளைக்கும் வந்துடு. தாம்பரத்துல போயி எச்சித் தட்டு கழுவினது போதும்" என்றார் தணிகாசலத்திடம். 6.40 பஸ்ஸில் நான் மட்டும்தான் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோவில்கள் மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும், நடுவில் போய் வாசலில் நிற்காதீர்கள். தறி பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகூடத் தாராளமாகப் போகலாம், கேட்டுவிட்டு உள்ளே போங்கள், நூலைத் தொடாதீர்கள். கூட்டம் போடுவதாக இருந்தால் மட்டும் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள்.

நானும் பார்த்தேன். மீதி இருபத்தொன்பது கையெழுத்துக்கு அடுத்த கூட்டத்தை அமாவாசையில் வைத்துவிட்டு, வர முடியுமா என்று தணிகாசலத்துக்கு போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"வர்றேம்மா. அமாவாசைக்கு எனக்கும் லீவுதான்" என்றார்.