எழுத்தின் மேல் ஒரு கொக்கி

ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனுக்கு அருகே, துணி திருத்தித் தரும் ஒரு சின்னக் கடையில் நிற்கிறேன். காலையில் ரயில் ஏறும்போதே என் கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்து அக்கா அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். மெஷினுக்கு மேலே ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் படம். யாரென்று கேட்கிறேன்.

"ஜெர்மனியில இருக்கேக்க இவற்ர கிளப்புக்கு ஜெர்சியில பேர் தைச்சது நான்தான் தம்பி. இவர் செக் நாட்டுக்காரர். பேரில ஒரு எழுத்துக்கு மேல சின்னக் கொக்கி மாதிரி ஒரு குறி வரும். ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து, ஜெர்மனிக்கு விளையாடத் தொடங்கின பிறகு, அது வேண்டாம் எண்டிட்டார்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"இல்லை. என்ர பாஸ்போர்ட்டிலயும் பேரைப் பாதியா வெட்டித்தானே போட்டவை."

பத்து வருடத்துக்கு மேல் அவர் அந்தக் குறி இல்லாமலே ஆடியிருக்கிறார். முழங்கால் ஒத்துழைக்காமல் போய், கடைசி ஆட்டத்துக்கான ஜெர்சி வந்தபோது, அக்கா யாரிடமும் கேட்காமல் குறியையும் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன சொன்னார்?"

"மாட்ச் முடிய மற்றவை எல்லாரும் ஜெர்சியைக் கழட்டி ரசிகர்மாருக்குக் குடுத்தவை. இவர் மட்டும் குடுக்கேல்லை. போட்டபடியே வீட்ட போனவர்."