கழற்றாத பூட்ஸ்

எங்கள் அண்ணன் பரமத்தி வேலூருக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே பிறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அந்த வரிசையை அவர் ஒருநாளும் எனக்கு நினைவூட்டியதில்லை. சர்க்கார் உத்தியோகம் கிடைத்ததும் நான்தான் மறந்துபோனேன்.

சேலத்தில் படிக்கும்போது, துரை ஒருவர் வேண்டாமென்று போட்ட டென்னிஸ் மட்டையை அண்ணன் ஊருக்குக் கொண்டுவந்தார். ஆட எங்கள் நெற்களம்தான் இருந்தது. சாணம் மெழுகிய களத்தில் எங்கள் பக்கம் யாரும் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. “தானியம் விழுகற எடத்துல செருப்பா?” என்பார் அப்பா. ஆகவே அண்ணன் வெறுங்காலோடு ஆடப் பழகினார். அப்பா காலமான பின், கொடிக்காலையும் பார்த்துக்கொண்டு, மாகாணம் முழுவதும் அப்படியே ஆடி வென்றார்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது நான் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. பாஸ்போர்ட் மனு முதல் அம்மை குத்திய சான்று வரை நானே முடித்தேன். ஆட்ட விதிகளையும் தொகுத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்காம் விதி, பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது.

அண்ணன் பம்பாயில் பூட்ஸ் வாங்கிக் கப்பலேறினார். இரண்டு சுற்றுகள் வென்றார். மூன்றாவதில் குதிகால் கொப்புளம் உடைந்து, கடைசி செட்டில் தோற்றார். ஊர் மாலை போட்டு வரவேற்றது.

மறுவருடம்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அது ஒலிம்பிக் விதியல்ல, துரைமார் கிளப் ஒன்றின் விதி. இரண்டின் விதித் தாள்களையும் ஒன்றாகக் கட்டியவன் நான். இத்தகைய பிழைக்கு விளக்கம் கேட்டுப் பிறருக்கு எத்தனையோ மெமோ எழுதியிருக்கிறேன். என் விளக்கத்தைக் கொடுக்க இருபது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் அண்ணன் மேட்டூர் அணை வேலையில் ஓவர்சியராக இருந்தபடியே மேலும் பல கோப்பைகள் வென்றுவிட்டார். அண்ணி அவற்றில் கொத்தமல்லி விதை போட்டு வைத்தார். நெஞ்சுவலியில் அண்ணன் படுத்த பிறகு, ஒரு காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். “அண்ணா, அந்த பூட்ஸ் விதி நான் பண்ணுன தப்புங்க.”

“மொத நாளே தெரியும் சாமி. அங்க கேட்டேன், கழட்டிக்கலாம்னாங்க.”

“அப்பறம் ஏனுங்க கழட்டல?”

“மூணு பக்கம் முத்து முத்தா எழுதிக் குடுத்திருந்தயே. ஊருக்கு வந்து, உன்ற எழுத்துத் தப்புன்னு எப்படிச் சொல்லறது?” கஞ்சியை இன்னும் இரண்டு வாய் குடித்தார். “எதுக்க ஆடுன அந்தப் பையனும் நல்லாத்தான் ஆடுனான், போ.”

பத்து நாளில் அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், காவிரியிலிருந்து தீர்த்தம் சுமந்த பங்காளிகளுக்கும், கூடவே இருந்த கொடிக்கால் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. அண்ணனை அந்த நெற்களத்தில்தான் கிடத்தியிருந்தோம். சேலத்திலிருந்தும் மேட்டூரிலிருந்தும் வந்த உத்தியோகஸ்தர்கள் உட்பட, துக்கத்துக்கு வந்த நீங்கள் அத்தனை பேரும் செருப்பையும் பூட்ஸையும் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறினீர்கள். அப்படியொரு விதியை நான் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அதற்காக உங்களுக்குத் தனியே என் வணக்கம்.