பாலவாக்கத்தை எழுதாமல் விட்டேன்

போன பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். சென்னை ஈசிஆர் சாலையில், பாலவாக்கத்தில், ஷட்டர் இழுத்துவிட்ட ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழாத குறையாக இருந்தேன். பக்கத்தில் என் சைக்கிள்.

ஐம்பதை நெருங்கும் ஸ்கூல் டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய ஜூனில், பள்ளியின் இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, பிள்ளைகள் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மானம் போயிற்று. அந்த வாரமே ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஒரு வருடம், ஒரு ஞாயிறுகூட விடாமல் ஓட்டுவது, ஓட்டியதை அன்றைக்கே எழுதுவது என்று முடிவு. "ரெண்டு மாசம் தாண்டாது, பாரு" என்றார் என் கணவர். அதற்காகவே மழையிலும் ஓட்டினேன். முதல் வாரம் வீடு இருக்கும் சாந்தோமிலிருந்து லஸ் வரைக்கும்தான். பிறகு தி.நகர், அடையாறு என்று தூரம் கூடியது. எழுதியதை என் போனில் இருந்த அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூடத் தப்பவில்லை.

அன்றைக்கு முட்டுக்காடு போய்த் திரும்புவதாகத் திட்டம், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போகும்போது பறந்தேன். திரும்பும்போதுதான் தெரிந்தது, பறக்கவைத்தது காற்று என்று. அதே காற்று இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு பாலவாக்கம் வரை வந்தேன். அங்கே கால் சுருட்டி இழுத்துக்கொண்டது.

காலி தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போன குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பஞ்சரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முடியல."

"அப்பறம் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீறீங்க? ஏறுங்க."

சைக்கிளைத் தூக்கிக் கேன்களுக்கு நடுவில் செருகினார். வழியில் உப்புப் போட்ட சோடா வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்து நின்றார். பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்குப் பக்கத்தில் வந்ததும், "இங்கேயே இறக்கிவிடுங்க" என்றேன். வீடுவரை வந்தால் தெருவே பார்க்குமே. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கொஞ்ச தூரத்தை நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டி வந்தேன். வாசலில் நின்ற கணவர் படமெடுத்தார்.

அந்தப் படத்தையும் போட்டு எழுதினேன்: "முட்டுக்காடு போய் வந்தேன். ஓர் இடத்தில்கூட இறங்கவில்லை." எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பாராட்டு குவிந்தது. நானும் கூச்சமே இல்லாமல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில் எனக்குப் பல வருடமாகத் தைத்துக் கொடுக்கும் பெண் இருக்கிறார். நாற்பத்தோரு வயது. முந்தைய வருடம் பெரிய ஆபரேஷன் ஒன்று நடந்து, மெல்ல எழுந்து வந்து கடையைத் திரும்பத் திறந்தவர். கடைக்குள் மூலையில் ஒரு சைக்கிள் நின்றது. அதன்மேல் வெட்டுத் துணி மூட்டைகள்.

"யாருது?" என்றேன்.

"என்துதான் டீச்சர். நீங்க எழுதினதெல்லாம் பட்சிட்டு வாங்கினேன். மெதுவா ஓட்டலாம்னு டாக்டரும் சொன்னாரு." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "நீங்க முட்டுக்காடு போனத பட்சிட்டு, திருவான்மியூராவது போலாம்னு கெளம்பினேன். அடையாறு பாலத்துலியே கால் நடுங்கிச்சு. எறங்கித் தள்ளிக்கினே வந்துட்டேன். அம்பது வயசுல நீங்க எறங்காம வரீங்க. என் ஒடம்பு அவ்ளோதான்னு புரிஞ்சிபோச்சு. ஒடம்புக்கு ஆவாது, கடைய வுட்டுடுன்னு வீட்லயும் சொல்லிக்கினேதான் இருந்தாங்க. இந்த மாசத்தோட கடைய காலி பண்றேன்."

ரவிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆமாம், வந்துவிட்டேன். தெருமுனை வரை நடந்தேன். நீ விட்ட புளுகை நம்பி ஒரு பெண் தன் பிழைப்பை மூட்டை கட்டுகிறாள், நீ ரவிக்கையோடு வீட்டுக்குப் போகிறாயா என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பினேன்.

பாலவாக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாள் அழுதேன் டீச்சர்" என்றார். "ஏன் அப்டி எழுதினீங்க?"

"பெருமைக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

கத்திரிக்கோலை எடுத்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு மட்டும் சொன்னா எப்டி? அத்தினி பேருக்கும் அனுப்புங்க."

அன்று மாலையே அனுப்பினேன். வருடம் முழுவதும் எழுதியதில் அதுதான் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கேன் வண்டி, சோடா, முகத்தைத் துடைத்துக்கொண்டது எல்லாம் எழுதினேன். "போட்டோவுக்கு என்னமா போஸ் குடுத்தே!" என்றார் கணவர். பாராட்டியவர்களில் பாதிப் பேரிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு சிலர், தாங்களும் சைக்கிளை வாங்கிவிட்டு மூலையில் போட்டிருப்பதாக எழுதினார்கள்.

"ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடையாறு பாலத்தில் நிற்பேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கலாம்" என்று அவருக்குத் தனியாகச் செய்தி போட்டேன். அந்த வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவர் வராவிட்டாலும் நான் நிற்பதென்று வைராக்கியமாக இருந்தேன். மூன்றாவது ஞாயிறு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "கோவம் இன்னும் போகல" என்றார். "போகவேணாம், மிதி" என்றேன். திருவான்மியூர் போவதற்குள் நான்கு தடவை இறங்கினோம். இரண்டு தடவை எனக்காக.

கடையை அவர் காலி செய்யவில்லை. மே மாதக் கடைசி ஞாயிறு நான் மறுபடியும் முட்டுக்காடு போய், முழுத் தூரமும் சைக்கிளிலேயே திரும்பினேன். ஆறு இடத்தில் இறங்கித் தள்ளினேன். ஆறையும் எழுதினேன். அந்த டிரைவரைத் தேடி ஈசிஆரில் எத்தனையோ வண்டிகளை எட்டிப் பார்த்தாகிவிட்டது. இன்னும் கிடைக்கவில்லை, தேடுவதையும் விடவில்லை.

இரண்டாவது வருடமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்; ஒவ்வொரு ஞாயிறும் அனுப்புமுன், இதைப் படித்துவிட்டுத் தன் உடம்பை என் எழுத்தை வைத்து அளந்துபார்க்கப் போகிற ஒருத்தி எங்கோ இருக்கிறாள் என்று நினைத்து, இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறேன்.