லோர்னா பிரித்த ஐம்பது தோட்டாக்கள்

எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கியவர் லோர்னா பெக்ஸ்டெட். பேருந்து ஓட்டுவது அவர் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் துப்பாக்கி மன்றத்தின் மைதானத்தில் குனிந்தபடி இருப்பார். சுட்டபின் விழுந்த பித்தளைக் கூடுகளை, அடுத்தவர் விட்டுப்போனதையும் சேர்த்துப் பொறுக்குவார். கோழி மேய்கிறது என்று கேலி செய்வார்கள். அவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஐடஹோவில், எங்கள் பக்கம், பழைய கூட்டில் வெடிமருந்து நிரப்பி, சொந்தமாகத் தோட்டா செய்துகொள்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். லோர்னாவைப் போலச் செய்பவர்கள் குறைவு. ஒவ்வொரு கூட்டையும் விரலில் உருட்டி, மயிரிழை விரிசல் தெரிந்தாலும் இடுக்கியால் நசுக்கி எறிவார். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. ரேடியோ கிடையாது, கைபேசி சமையலறையில். மருந்து ஊற்றிய கூடுகளை வரிசையாக நிறுத்தி, குண்டைப் பொருத்துமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்ப்பார். நடுவில் யாராவது கதவைத் தட்டினால், ஊற்றியதை எல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் செய்யும் ரிவால்வர் தோட்டாவுக்கு மருந்து பாதிக்கூடுகூட வராது. தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே கையில் வெடிக்கும்.

போன இலையுதிர் காலத்தில் டெல் டால்மன் இறந்தார். மன்றத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர் மேசையில் கடைசியாகச் செய்த தோட்டாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நினைவுநாள் கூட்டத்தில் ஆளுக்கொன்றாக அவற்றைச் சுட்டு வழியனுப்ப வேண்டும் என்று அவர் மனைவி மார்வா ஆசைப்பட்டார். மன்றத் தலைவர் ரூலன் உடனே சரி என்றார். மைதானத்தின் பாதுகாப்பைக் கவனித்துவந்த லோர்னா மட்டும் முடியாது என்றார்.

அடுத்தவர் செய்த தோட்டாவைச் சுடக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஒரு நாளைக்கு விட்டுக்கொடுக்கலாமே என்று ரூலன் கெஞ்சிப் பார்த்தார். மார்வா கெஞ்சவில்லை. தேவாலய வாசலில், எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என் புருஷனுக்கு மூளை கலங்கிப்போச்சுன்னு ஊரெல்லாம் சொல்றியா லோர்னா?"

"டெல் நல்லா இருந்தப்பவே நான் அவரு தோட்டாவச் சுட்டதில்ல. அவரும் என்னோடதத் தொட்டதில்ல."

"அது வேற. இது செத்தவருக்கு மரியாதை."

"யாரு கையாவது போச்சுன்னா, அப்புறம் அவரு பேரச் சொன்னாலே அதுதான் ஞாபகத்துக்கு வரும் மார்வா."

அந்த வாரம் ஊரில் லோர்னாவுக்கு நல்ல பேர் இல்லை. கடையில் முகம் திருப்பினார்கள். முப்பது வருடச் சிநேகிதியான மார்வா தொலைபேசியை எடுக்கவில்லை. லோர்னா அவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். கையில் தராசும், தோட்டாவைத் தலைக்குள் செருகித் தட்டிப் பிரிக்கும் பிளாஸ்டிக் சுத்தியலும். உன் கண் முன்னாலேயே பிரிக்கிறேன், என்ன இருக்கிறது என்று நீயே பார் என்றார். மார்வா வாசலை மறித்து நின்றார். பிறகு விலகினார்.

சமையலறை மேசையில் மரக்கட்டையை வைத்துத் தட்ட ஆரம்பித்தார் லோர்னா. தட்டத் தட்டக் குண்டு கழன்று விழும். மருந்தைத் தராசில் கொட்டி, மார்வாவை வாசிக்கச் சொல்வார். முதல் பத்தும் ஒரே எடை. அடுத்த பத்தும். மார்வா வாசிப்பதை நிறுத்தினார்.

"கடைசி மாசம் என் மூஞ்சியப் பார்த்து, ஏம்மா, மார்வா எங்க போனான்னு கேட்டாருடி. நான் யாருகிட்டயும் சொல்லல."

லோர்னா சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு தராசை மார்வா பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்ததைத் தட்டினார்.

ஐம்பதும் ஒரே எடை. ஒன்றில்கூடக் கூடுதல் குறைவு இல்லை.

"பார்த்தியா? அப்ப சுட்டிருக்கலாமே," என்றார் மார்வா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அது இப்பத்தானே தெரியுது."

மார்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிக்காமல் சுட்டிருந்தால், கடைசிவரை டெல்லின் கை தவறவில்லை என்பது தெரியாமலே போயிருக்கும் என்று பின்னால் எங்களிடம் அவரே சொன்னார்.

எந்த டப்பாவிலிருந்து வந்த மருந்து என்று உறுதியாகத் தெரியாததால், லோர்னா அதை ரோஜாச் செடிகளுக்கு உரமாகத் தூவிவிட்டார். மறுநாள் டெல்லின் கூடுகளில், டெல்லின் குண்டுகளை வைத்து, புதிதாகப் பிரித்த டப்பா மருந்தில் ஆறு தோட்டாக்கள் செய்தார் மார்வா. லோர்னா பக்கத்தில் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. மருந்து ஊற்றும்போது மார்வா ஏதோ கேட்க வாயெடுத்தார். லோர்னா விரலை உதட்டில் வைத்தார்.

சனிக்கிழமை நினைவுநாள் கூட்டத்துக்கு ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. மார்வா பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்குத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, டெல்லின் ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்தார். ரூலன் உட்பட மற்ற எல்லோரும் பின்னால் நின்றோம். ஆறும் சுத்தமாக வெடித்தன. அதில் இரண்டு, இலக்காக வைத்த இரும்புத் தகட்டில் பட்டு மணியடித்தன. மற்ற நாலும் குறி தவறி மலைச்சரிவில் புழுதி கிளப்பின. அந்த நாலுக்குத்தான் லோர்னா அதிகம் கைதட்டினார்.