நிறுவனர் உட்கார்ந்த நாற்காலி

அந்தக் கடையின் நீலப் பை இல்லாத வீடு நாட்டிலேயே கிடையாது. ஒற்றைக் கதவு வைத்த பாத்திரக் கடையாகத் தொடங்கி, ஐம்பது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கிளைகள். குண்டூசி முதல் குளிர்சாதனப் பெட்டி வரை அங்கே வாங்கினால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. ஆனால் வேலை செய்கிறவர்கள் உட்கார ஒரு முக்காலி கிடையாது. வாங்க வருகிறவர் கண்ணில் படும்படி யாரும் உட்காரக் கூடாது என்பது நிறுவனர் போட்ட சட்டம். ‘நான் நின்றே வளர்ந்தவன்’ என்று அவர் படத்துக்குக் கீழே எல்லாக் கிளைகளிலும் எழுதியிருக்கும்.

அப்படி நின்றே இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவள் பில் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை அவள் வீட்டுக்காரரே மறந்திருப்பார். பில் மேசைக்குப் பின்னால் நின்றுதான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தாள். இப்போது வலது முட்டி மக்கர் பண்ணியது. "இன்னும் ஆறு மாசம் இப்படியே நின்னீங்கன்னா, அப்புறம் நிக்கவே முடியாதும்மா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. முக்காலி கேட்டு நான்கு முறை எழுதிக் கொடுத்தாள். நான்கு முறையும் படத்துக்குக் கீழே இருந்த வரிதான் பதிலாக வந்தது.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காகக் கடையின் வரலாற்றைக் கிளை கிளையாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பில் அக்காவின் கிளைக்கும் வந்தது. பழைய தராசு, மங்கிய படங்கள், முதல் கடையில் நிறுவனர் பயன்படுத்திய பிரம்பு நாற்காலி. அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

மேனேஜர் நல்ல மாதிரி. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு வாரம் பில் பக்கம் போக வேண்டாம். இந்த நாற்காலியில யாரும் உக்காராமப் பாத்துக்கிட்டா போதும்" என்றான்.

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

அவன் சிரித்து மழுப்பினான்.

மூன்று நாள் காவல் நின்றாள். நான்காம் நாள் மதியம்தான் நாற்காலியைச் சரியாகப் பார்த்தாள். பிரம்பு நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது. கைப்பிடி இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒரு நாள், இரண்டு நாள் உட்கார்ந்து விழுகிற பள்ளமா அது? நின்றே வளர்ந்த மனுஷனாம்! அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கயிற்றைத் தூக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மேனேஜர் பதறியடித்து ஓடிவந்தான். "அக்கா, எந்திரிங்க! ஜனங்க பாக்கறாங்க. மேல தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"என் முட்டி போயிடுச்சே, தம்பி." மேனேஜர் ஒருவரை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அஞ்சு நிமிஷம். அப்புறம் நீங்களே என் சீட்டைக் கிழிச்சிடுங்க."

அவன் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு உள்ளே வருகிறவர்களுக்கு அவள் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றான். முதுகைப் பார்த்தால் முப்பது வயதுகூட இருக்காது. ஆனால் இடது காலை ஊன்றி, உடனே வலது காலை ஊன்றி, மாற்றிக்கொண்டே இருந்தான்.

"உங்களுக்குமா, தம்பி?"

"ரெண்டு வருஷமா வலிக்குதுக்கா" என்றான், திரும்பாமலே.