அய்யாவு கட்டிய காப்பு

அய்யாவு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில், தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடியே மென்று விழுங்குவார். அவருடைய மனைவி பவுனம்மாள் வீட்டு முன்பக்கத்திலேயே ரயில்வே ஆட்களுக்குச் சோறு வடித்து விற்றுக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் உட்கார வைத்துச் சோறு போடுகிறவளுக்குச் சொந்தப் புருஷனை உட்கார வைக்க முடியவில்லையே என்று சாப்பிட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் பல வருஷம் மூட்டை தூக்கி ஓடிய கால்கள் அவை. ரப்பர் விலை படுத்து, நாடே முடங்கிப்போன அந்த முப்பதாம் வருஷத்தில் ஸ்டேஷனில் மூட்டை குறைந்தது. மூட்டை தூக்குகிறவர்களையும் குறைத்தார்கள். அய்யாவுக்கு வேலை போயிற்று. ஆனால் கால்கள் நிற்க வேண்டுமே. தூக்க மூட்டை கிடைக்கவில்லை என்றதும் மனிதர்களை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

தோட்டங்களில் ஆட்குறைப்பு செய்து, தமிழாட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தருகே ஒரு கொட்டகையில் அவர்கள் கப்பலுக்காகக் காத்துக் கிடப்பார்கள். வேலை தேடி அங்கே போன அய்யாவு அவர்களோடு பேச்சுக் கொடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. காப்பார், பந்திங் ரப்பர் தோட்டங்களில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர்களில் ஒருவர்கூடக் கோலாலம்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. விடிந்தால் மரம், பொழுதடைந்தால் லயத்து வரிசை வீடு. இனி ஊருக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்கப்போவது கோலாலம்பூரைப் பற்றித்தான். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் மலாயாவில் எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய் என்று கேட்க மாட்டார்களா? அந்த வெட்கம் அவர்களைப் பிடுங்கித் தின்றது.

அய்யாவு கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணனைப் பிடித்துக் கெஞ்சினார். காலையில் ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போய் ஊரைக் காட்டிவிட்டு, மாலை ரயிலில் கப்பலுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பதாகப் பேச்சு. ஒரு ஆள் குறைந்தாலும் அய்யாவு அந்த வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார் கிராணி. அய்யாவு ஒப்புக்கொண்டார். ஆளுக்கு ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். வீட்டுக்கு உப்பு புளிக்கு ஆகும். சீக்கிரமே 'ஊர்காட்டி அய்யாவு' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

ஊர் காட்டுவது லேசான வேலை இல்லை. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பாசார் என்கிற சந்தைக்குள் நுழைந்தால் பத்துப் பேரும் பத்துப் பக்கம் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு கிழவர் சீனர் கடை ஒன்றில் தொங்கிய வாட்டிய வாத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அய்யாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் புறப்படுமுன் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் நூலைக் கட்டிவிடுவார். எவ்வளவு நெரிசலிலும் அந்த மஞ்சள் கண்ணில் படும். மாலையில் கொட்டகை வாசலில் கிராணிக்கு முன்னால் ஒவ்வொரு நூலாக அறுத்துப் போடுவார். நூல் அறுந்தால் ஆள் ஒப்படைத்தாயிற்று என்று கணக்கு.

முப்பத்தோராம் வருஷத்து ஆடி மாதம். அன்று எழுந்ததிலிருந்தே அவருக்குப் பரபரப்பு. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நூல்கண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மடியைத் தடவிப் பார்த்தார். திரும்ப வழியில்லை. கூட்டத்தை ரயிலேற்றி, கோலாலம்பூர் வரும்வரை ஒரு இடத்தில் நிற்காமல் பெட்டிக்குள் முன்னும் பின்னுமாக நடந்தார். கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது இரண்டு பேர் தண்ணீர் குடிக்க இறங்கினார்கள். அவர்கள் ஏறும்வரை மூச்சே விடவில்லை.

கூட்டத்தில் இரண்டு பேரை அவர் தனியாகக் கவனித்து வைத்திருந்தார். ஒருவர் பழனியப்பன், வயதானவர். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். அவள் எழுதச்சொல்லி வந்த காகிதங்களைப் பற்றியே ரயிலெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இன்னொருத்தி நல்லம்மாள். காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். முப்பது வயதிருக்கும், புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், துணைக்கு யாருமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பார்க்கிறவர்கள்தான் நழுவுவார்கள் என்று அய்யாவுக்கு உள்ளே ஏதோ சொல்லிற்று.

இறங்கியதும் முதல் வேலையாகக் கூட்டத்தை நேரே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடத்தினார். வீடு பூட்டியிருந்தது. பவுனம்மாள் மாரியம்மன் கோயிலில் இருக்கிறாள் என்று தெரிந்து கூட்டத்தோடு அங்கே போனார். குடியிருப்புக்காரர்கள் எடுத்துக் கட்டிய சின்னக் கோயில். அன்று திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள். உருமி அடித்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் பித்தளைத் தாம்பாளத்தில், அம்மன் காலடியிலிருந்து எடுத்து வைத்த மஞ்சள் நூல்கண்டு இருந்தது. பூசாரி வேலாயுதம் உள்ளே அலங்காரத்தில் இருந்தார்.

“பூசாரி, கொஞ்சம் நூல் எடுத்துக்கிறேன்” என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார் அய்யாவு. பதில் வந்ததா இல்லையா என்று கேட்க அவருக்கு நேரமில்லை. கூட்டத்தை வரிசையில் நிறுத்திக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. உள்ளே கற்பூரம் எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் கட்டிய நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நல்ல பக்திமான்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கையைப் பிடித்தார் அவர். நல்லம்மாள் மட்டும் கண்ணைத் திறந்தபடியே கையை நீட்டினாள். அவசரத்தில் அவர் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, “இன்னும் இறுக்கிக் கட்டுங்கண்ணே, அவுந்துடக் கூடாது” என்றாள். அய்யாவு இரட்டை முடிச்சுப் போட்டார்.

அப்புறம் ஊர் காட்டினார். ஸ்டேஷனின் கும்மட்டங்களை அண்ணாந்து பார்க்கவைத்தார். இரண்டு ஆறு கூடுகிற இடத்தைக் காட்டினார். திடலுக்கு எதிரே மணிக்கூண்டின் கீழே நிறுத்தி, இந்த மணி அடித்தால் கிள்ளான் வரைக்கும் கேட்கும் என்றார். அது பச்சைப் பொய். அதைப் பொய் என்றால் அவருக்குக் கோபம் வரும். ஊருக்குக் கொண்டுபோக நாலு வார்த்தை வேண்டாமா என்பார். நல்லம்மாள்தான் மெதுவாக, காப்பாரில் இத்தனை வருஷமாக ஒருநாளும் கேட்கவில்லையே என்றாள். கூட்டம் சிரித்தது. காற்று எதிர்ப்பக்கமாக அடித்திருக்கும் என்று சமாளித்துவிட்டு அவர் நடையைக் கட்டினார். பாசார், பத்து ரோடு என்கிற வீதியின் துணிக்கடைகள், மோட்டார் வண்டிகள். பழனியப்பன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அய்யாவு ஒரு கண்ணால் கைகளைப் பார்த்தார், இன்னொரு கண்ணால் நல்லம்மாளைப் பார்த்தார். அவள் நழுவவில்லை. கூட்டத்தோடு ஒட்டியே வந்தாள். ஒருவரும் குறையாமல் மாலை ரயிலில் ஏற்றிய பிறகுதான் அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

துறைமுகத்தில் கப்பல் தயாராக நின்றது. கொட்டகை வாசலில் ராதாகிருஷ்ணன் கிராணி காத்திருந்தார். அய்யாவு வழக்கம்போல மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற நல்லம்மாளின் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“அறுக்காதீங்கண்ணே. அம்மன் காப்பு. திருவிழா முடிஞ்சு பூசாரிதான் அவுக்கணும்.”

அய்யாவுக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். காப்புக் கட்டினவர்கள் பகலில் வெளியே போய் வரலாம், இராத்தங்கக் கூடாது. ஒரு இராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது என்கிறபோது கடலை எப்படித் தாண்டுவது?

அப்போதுதான் அய்யாவுக்குத் தாம்பாளமும் உருமியும் கற்பூரமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அடப்பாவி, என்ன காரியம் செய்தோம் என்று உடம்பு வியர்த்தது. கூட்டம் தங்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளைக்கு அம்மை போட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். ஒருவர் மூட்டையைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். கப்பல் சங்கு ஊதியது. கிராணிக்கு முகம் கறுத்தது. இந்தக் கப்பலை விட்டால் கொட்டகையில் இவர்களுக்கு அரிசி கிடையாது, அடுத்த கப்பலில் இடமும் கிடையாது என்று கத்தினார். அது வெறும் மிரட்டல் இல்லை, அய்யாவுக்கும் தெரியும். பழனியப்பன் நடுவில் நின்று கப்பலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டையைத் தூக்கினார், திரும்பக் கீழே வைத்தார்.

அந்தத் தவிப்பைப் பார்த்ததும் அய்யாவுக்கு ஒரு வழி தோன்றியது.

“ஐயா, கட்டுனவன் நானு. பூசாரி கட்டல. உங்க காப்பை நான் வாங்கிக்கிறேன். எல்லார் நேர்த்தியையும் நான் இருந்து முடிக்கிறேன். தப்புன்னா ஆத்தா என்னைக் கேக்கட்டும்.”

பழனியப்பன் கையை நீட்டினார். அய்யாவு கத்தியை எடுக்கவில்லை. முடிச்சை விரலால் அவிழ்த்து, அந்த நூலைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கிழவர் அம்மனைக் கும்பிடுவது போல அவரைக் கும்பிட்டுவிட்டு மூட்டையைத் தூக்கினார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்குழந்தைக்காரி குழந்தையின் கையிலிருந்ததையும் கொடுத்தாள். அய்யாவின் மணிக்கட்டில் நூல் வளையல் கனத்தது. கூட்டம் கப்பலை நோக்கி நகர்ந்தது. கடைசியில் நல்லம்மாள் மட்டும் நின்றாள்.

அய்யாவு கையை நீட்டினார். அவள் தன் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்களுக்கு ஊர் இருக்குண்ணே. நான் காப்பார்லயே பொறந்தேன். எங்க அம்மாவும் அப்பாவும் இந்த மண்ணுலதான் கிடக்காங்க. ஊருக்குப் போ ஊருக்குப் போங்கறாங்க. எந்த ஊருக்கு?”

இரட்டை முடிச்சு ஏன் கேட்டாள் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. காலையில் கண்ணைத் திறந்தபடியே அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பாசாரில் நழுவியிருக்கலாம். நழுவியிருந்தால் அவர் பிழைப்பு அங்கேயே முடிந்திருக்கும். நழுவாமல் அவர் கூடவே வாசல்வரை வந்து, கேட்டுவிட்டு நிற்கிறாள்.

கிராணி அருகில் வந்தார். அறுத்து ஏற்று என்றார். அறுத்தால் ஒரு நொடி வேலை. அறுக்காவிட்டால் நாளைக்கு ரயிலில்லை, கூட்டமில்லை, ஊர்காட்டி இல்லை. பேனாக்கத்தி கையில் திறந்தே இருந்தது.

அதை மடக்கி மடியில் செருகினார்.

“அம்மன் காப்புங்க. நான் கை வைக்க முடியாது.”

மற்றவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று கிராணி கேட்டார். வர மனமில்லாதவளை நானும் தூக்கி ஏற்ற முடியாது, ஆனால் நீ இனி இந்தப் பக்கம் வராதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிராணி கப்பல் பக்கம் போனார். சொன்ன சொல்லில் அவர் கடைசிவரை நின்றார்.

இரண்டு பேரும் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். அய்யாவும் இப்போது இராத்தங்கக் கூடாதே.

அடுத்த நாள் நடந்ததைக் கேட்டு வேலாயுதம் பூசாரி தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, வாங்கியது வாங்கியாயிற்று, இருந்து கழித்துவிடு என்றார். திருவிழா முடியும்வரை அய்யாவு வீட்டுக்கும் கோயிலுக்குமாக அலைந்தார். நல்லம்மாளை வீட்டில் தங்கவைத்ததற்குப் பவுனம்மாள் முதல் நாள் முணுமுணுத்தாள், மறுநாள் அவளிடமே அரிசி களையக் கொடுத்தாள். காப்பு அவிழ்க்கிற அன்று பூசாரி அய்யாவின் கையிலிருந்து நூல்களைப் பிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. நல்லம்மாளின் முறை வந்தபோது அவள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவிழ்த்துவிட்டால் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பவுனம்மாள்தான் அந்தக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள்.

“சோறு வடிக்கிற கைக்குக் கயிறு எதுக்கு? அவுத்துட்டு வா, உலை கொதிக்குது.”

அப்படியும் அவள் பயம் போகவில்லை. மறுநாள் அய்யாவு தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் போகிற காலை ரயில் ஊதியது. பழக்க தோஷம், அவர் கால் தானாக ஸ்டேஷன் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. அடுப்படியிலிருந்து நல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. தன்னைக் கொண்டுபோய் விடத்தான் புறப்படுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள் என்பது அய்யாவுக்குப் புரிந்தது. என்ன சொன்னாலும் நம்பமாட்டாள் என்பதும் புரிந்தது.

ரயில் இன்னொருமுறை ஊதியது. அவர் திரும்பி வந்து, சாப்பிட வந்தவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் போகிற சத்தம் ஓயும்வரை, ஒவ்வொரு வாயாகப் பிசைந்து சாப்பிட்டார்.