முதல் மடவையும் மெட்ராஸ் ஓட்டமும்

வலை தண்ணீரில் கிடக்கும்போதே வாசலைத் தாண்டிப் போனவள் என்று வேலம்மாவைப் பற்றி இன்னொரு தரம் சொன்னால், சரோஜா, எனக்குக் கெட்ட கோபம் வரும். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்துகொண்டு இப்படிப் பேசலாமா? அன்றைக்கு நீ பார்த்தது அவள் போனதை மட்டும்தான். போவதற்கு முன்னால் உள்ளே அடுப்பங்கரையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததை எல்லாம் கிணற்றடியில் அளந்துவிடுகிறாய். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். ஆகையால் ஜெயம்மா வாயால் கேட்டதை நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

வேலம்மா தின்னுவாள். அதை மறைக்க என்ன இருக்கிறது? நீலமேகத்துக்கு வாழ்க்கைப்பட்டு பசியாவரத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மாமியார் ஜெயம்மா சட்டி நிறைய நண்டு வறுத்து வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் வருவதற்குள், நண்டு ஓடு மட்டும் குவியலாகக் கிடந்தது. மருமகள் விரலைச் சப்பிக்கொண்டே, "காரம் கொஞ்சம் கூட இருந்திருக்கலாம் அத்த" என்றாளாம். ஜெயம்மா திட்டவில்லை, சிரித்தாள். தன் சமையலை இப்படித் தின்று தீர்க்க ஒருத்தி வந்தாளே என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. எல்லாவற்றுக்கும் மேலே வேலம்மாவுக்கு மடவை மீன் சினை. மஞ்சளும் மிளகாயும் தடவி எண்ணெயில் போட்டு எடுத்தால், புருஷனுக்குக்கூட மிச்சம் வைக்க மனசு வராது.

ஓட்டம் எப்படி வந்தது என்றால், இறாலால் வந்தது. நம்ம பசியாவரம் தீவிலிருந்து படகில் பழவேற்காட்டுக் கரைக்குக் கூடையோடு போய் இறங்கினால், காலை பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டான். "கூடை நாறுது, இறங்கும்மா" என்பான். மற்ற பெண்கள் அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பார்கள். வேலம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வெயில் ஏறினால் இறால் கெட்டுவிடும் என்று, புடவையைத் தூக்கிச் செருகி, கூடையைச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு, திருப்பாலைவனம் வரைக்கும் அரை ஓட்டமும் நடையுமாகப் போவாள். விற்று முடித்து வெறுங்கூடையோடு திரும்பும்போது முழு ஓட்டம். வயலில் களை பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "வேலம்மா, பின்னாடி நாய் தொரத்துதா?" என்பார்கள். "பசி தொரத்துது!" என்று கத்திக்கொண்டே போவாள்.

திருப்பாலைவனத்தில் தேவகி என்று ஒரு விளையாட்டு டீச்சர் குடியிருந்தாள். வேலம்மா வயசுதான் இருக்கும். ஒரு நாள் இறால் வாங்கிவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ தெனமும் இப்படித்தான் ஓடுறியா?" என்றாள்.

"நான் எங்க ஓடறேன்? எறாலு ஓடுது, அது பின்னால நான் போறேன்."

டீச்சர் சிரித்துவிட்டு, தை மாதம் பொன்னேரியில் பெண்களுக்குத் தொலைதூர ஓட்டப்பந்தயம் வைப்பதைச் சொன்னாள். முதல் மூன்று பேரை மெட்ராஸில் கடற்கரைச் சாலையில் நடக்கிற பெரிய பந்தயத்துக்கு அனுப்புவார்களாம். மெட்ராஸ் என்றதும் வேலம்மாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பரிசுக்கு இல்லை. தலையில் கூடை இல்லாமல், யாருக்கும் எதையும் விற்காமல், சும்மா ஓடுவதற்கு என்றே ஒரு சாலையை விட்டுத் தருகிறார்களே, அதில் ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நீலமேகத்திடம் சொன்னாள். அவன் வலை முடிந்துகொண்டே, "ஓடேன், யார் வேணாங்கறது" என்றான். அவன் எப்போதும் அவ்வளவுதான் பேசுவான்.

எண்பத்து மூன்று தை மாதம். பந்தயத்துக்கு முந்தின நாள், பழவேற்காட்டில் அவளிடம் வழக்கமாக மீன் வாங்குகிற பரீதா வீட்டில் கல்யாணம். நெய்ச்சோறும் கறியும். பரீதா கையைப் பிடித்து உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் வச்சுக்க வேலம்மா" என்று போட, இவளும் வேண்டாம் என்கிற பழக்கமில்லாதவள். மறுநாள் பொன்னேரியில் பாதித் தூரம் எல்லோருக்கும் முன்னால் போனாள். பிறகு வயிறு புரட்டி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினாள். கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள்.

டீச்சர் ஆறுதலாக, "எண்ணெயக் கொஞ்சம் கொறச்சுக்கோ. பந்தயத்துக்கு முன்னாடி வயித்த நெறச்சுக்காத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கொஞ்சம் என்பது வேலம்மாவின் கையில் அடங்குகிற காரியமா? தின்றால் சட்டியைக் காலி செய்வாள், விட்டால் ஒரேயடியாக விட்டுவிடுவாள். நம்ம ஊர்ப் பெண்களுக்கு வாயைக் கட்டத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, நேர்ந்துகொள்வது. அடுத்த மார்கழியில் யாரிடமும் சொல்லாமல் கங்கையம்மன் கோயிலுக்குப் போய், மஞ்சள் கயிறு ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு, "தாயே, பந்தயம் முடியற வரைக்கும் மீனு வாயில வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கயிறு வளையலுக்கு அடியில் மறைந்து கிடந்தது.

இங்கேதான் சிக்கல். ஏரியில் நல்ல மீன் ஓடுகிற இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறோமே, அதுதான் பாடு. பாடு விழுந்த வீட்டுக்கு நம்ம குப்பத்தில் ஒரு கட்டு இருக்கிறது. அன்றைக்கு முதலில் மாட்டுகிற மீன் விற்பனைக்குப் போகக் கூடாது. அதை வீட்டில் ஆக்கி, வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு வாயாவது தின்ன வேண்டும். தின்னாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. முதல் மீனை ஒதுக்கினால் ஏரி கோபித்துக்கொள்ளும்.

அந்த மார்கழியிலேயே நீலமேகத்துக்குப் பாடு விழுந்தது. முதல் மடவையைக் குழம்பு வைத்து ஜெயம்மா மருமகளுக்கு நடுத்துண்டம் போட்டாள். வேலம்மா என்ன செய்வாள்? இந்தப் பக்கம் அம்மன், அந்தப் பக்கம் ஏரி. துண்டத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கொல்லைப்பக்கம் போய் நாய்க்குப் போட்டாள். அதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது யார்? நீதான் சரோஜா.

அந்தப் பாடு முழுக்க வலையில் பாசியும் குப்பையும்தான். மீன் வராததற்கு வாடைக்காற்று காரணமாக இருக்கலாம், ஆந்திராப் பக்கத்து வலைகள் காரணமாக இருக்கலாம். ஆனால் நீ ஜெயம்மாவிடம் போய், "அக்கா, உன் மருமவ மொதல் மீன நாய்க்குப் போட்டா. நான் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றாய். ஜெயம்மா என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? "உப்பு போட மறந்துட்டேன்டி. என் கொழம்பு அன்னிக்கு நாய்க்குத்தான் லாயக்கு" என்றாள். உன் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவள், வீட்டுக்குள் வந்ததும் மருமகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வெறும் ரசமும் சோறுமாக இருந்தாள் வேலம்மா. அதையும் பாதி வயிற்றுக்குத்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. தையில் பொன்னேரிக்குப் போனவள் பந்தயத்தின் நடுவிலேயே கண் இருட்டி ரோட்டில் விழுந்தாள். முட்டி கிழிந்து, டீச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காயத்தைக் கழுவ ஜெயம்மா கையைப் பிடித்தபோது வளையல் விலகி மஞ்சள் கயிறு தெரிந்தது.

"இன்னாடி இது?"

வேலம்மா அழுதுகொண்டே சொன்னாள். ஜெயம்மா கயிற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"அம்மன் உன்னக் கேட்டாளா, மீன வுடுன்னு? நம்ம அம்மனே ஆடி மாசம் கருவாட்டுக் கொழம்பு கேக்கறவ. அவகிட்டப் போயி மீனு துன்ன மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கியே, அவ சிரிச்சிருப்பாடி!"

"டீச்சர் கொறச்சிக்கன்னாங்க அத்த..."

"கொறச்சிக்கன்னா கொறச்சிக்கறது. ஒண்ணு சட்டியோட துன்ற, இல்லன்னா சட்டியவே கவுக்கற. நடுவுல ஒரு எடம் இருக்குதுடி."

மறுநாள் இருவரும் கூழும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். கயிற்றை அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார்கள். கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அந்தக் கருவாட்டை வேலம்மா தின்றதைப் பார்த்து, ஜெயம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏரிக்காற்றில் தூசி என்றாள்.

அந்த நடு இடத்தைக் கண்டுபிடிக்க வேலம்மாவுக்கு அந்த வருஷம் பூராவும் ஆயிற்று. சும்மா வந்துவிடவில்லை. ஓடுவதற்கு முன்னால் ஒரு சொம்பு நீராகாரம், அவ்வளவுதான். தின்பது எல்லாம் திரும்பி வந்த பிறகு. திருப்பாலைவனத்து டீக்கடை பஜ்ஜியை நின்று மோந்து பார்த்துவிட்டு வந்துவிடுவாள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாங்கித் தின்பாள், அன்றைக்கு இரண்டாக. பரீதா வீட்டு நெய்ச்சோற்றுக்கும் ஒரு வழி செய்துகொண்டாள். "சட்டிய மூடி வை பரீதா, ஓடிட்டு வந்து துன்றேன்" என்பாள். "ஆறிப்போனா என்னைச் சொல்லாதே" என்பாள் பரீதா. ஒரு நாளும் ஆறிய சோற்றைக் கொடுத்ததில்லை. சில நாள் வேலம்மா தோற்றும் போவாள். சினை வறுவலைக் கண்டால் விடிகாலை ஓட்டம் மறந்துபோகும். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். மறுநாள் சரியாகிவிடுவாள். மறுபடியும் கயிறு மட்டும் கட்டவில்லை.

அந்த ஐப்பசியில் பெரிய புயல் அடித்து, கூரையெல்லாம் பறந்து, குப்பமே அலங்கோலமாகிப் போயிற்று. கூரை மேய்ந்து முடித்த கையோடு தை வந்தது. வேலம்மா பொன்னேரியில் மூன்றாவதாக வந்தாள். மெட்ராஸுக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

மாசியில் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். சனிக்கிழமை காலையில் பழவேற்காட்டுக்கு வந்து டீச்சர் காத்திருப்பாள், இருவரும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. அப்போதுதான் சீட்டுப் போட்டார்கள். நீலமேகத்துக்குப் பாடு விழுந்தது அதே சனிக்கிழமை.

நீலமேகம் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினான். "மொறைய வுட்டுடறேன். வேற யாராவது கட்டிக்கட்டும்."

"புயல்ல எல்லாம் போனதுக்கு அப்புறம் வர்ற மொத மொறைய வுடறதா? நல்லாருக்கே!" என்றாள் வேலம்மா. "அத்த, நீ சொல்லு."

ஜெயம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "மீனு வரட்டும். துன்னுட்டுப் போ. வரலன்னா இரு. போன தரம் மாதிரி ஏரிய ஏமாத்திட்டுப் போவக் கூடாது."

வேலம்மா சரி என்றாள். அவள் தலையை ஆட்டியதை நீலமேகம் பார்த்தான். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிந்தது. வெள்ளி சாயந்திரம் கட்டிய வலையை இழுக்க ஆண்கள் எப்போதோ போய்விட்டார்கள். வேலம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெயில் படியேறி அவள் கால் விரலைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டாள். ஜெயம்மா மிளகாயை அரைத்து, மஞ்சளைச் சேர்த்து, எண்ணெயை ஊற்றி, அடுப்பையும் பற்றவைத்துவிட்டாள். மீன் மட்டும் இல்லை.

நீ வேலியோரம் வந்து கேட்டாய்: "இன்னா அக்கா, வெறும் சட்டியக் காய வெக்கிற?"

"சட்டிக்குக் குளிருதாம்" என்றாள் ஜெயம்மா. நீ சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாய். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பையின் வாரைத் திருகித் திருகி வேலம்மாவின் விரல் சிவந்துபோயிற்று. போகிறேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது கொல்லைப்பக்கம் சேற்றில் சளக் சளக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் நீலமேகம் ஓடி வருகிறான்! நடக்கவே சோம்பல்படுகிற மனுஷன், முழங்கால் வரைக்கும் சேறு, மார்போடு ஒரு மடவையை அணைத்துப் பிடித்திருக்கிறான். அது வாலால் அவன் தாடையில் அடிக்கிறது.

"வலை?" என்றாள் ஜெயம்மா.

"கூட்டாளிங்க இழுக்கறாங்க. மொதல்ல மாட்டுனத நான் எடுத்தாந்துட்டேன்." மூச்சு வாங்கினான். "மொத மீனத்தான துன்னணும்? முழு வலையும் ஏறணும்னு யாராவது சொல்லிருக்காங்களா?"

ஜெயம்மா யோசித்துப் பார்த்தாள். யாரும் சொன்னதில்லை. நானும் என் வயசுக்குக் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் நீ சொல் சரோஜா, கேட்கிறேன்.

மீனை அறுத்தால் உள்ளே இரண்டு பக்கமும் சினை. பழுத்த மஞ்சள், கை நீளத்துக்கு. எண்ணெயில் போட்டதும் வாசனை வீடு முழுக்க எழுந்தது. வேலம்மாவுக்கு நாக்கில் தண்ணீர் ஊறிவிட்டது. பழைய வேலம்மாவாக இருந்தால் சட்டி காலி. கயிறு கட்டியிருந்த மார்கழி வேலம்மாவாக இருந்தால் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டாள். இவள் வந்து உட்கார்ந்தாள். முள் இல்லாத துண்டமாக ஒன்று எடுத்து, மெதுவாக, ருசித்துத் தின்றாள். நீலமேகம் சேற்றுக் காலோடு நின்றபடியே ஒரு வாய் தின்றான். ஜெயம்மாவும் தின்றாள். ஏரிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது.

பிறகு வேலம்மா சினையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"இது இப்ப வேணாம் அத்த."

ஜெயம்மா இரண்டு சினையையும் வாழையிலையில் மடித்து, துணியில் சுற்றி, மருமகளின் பையில் வைத்தாள். "ஓடி முடிச்சிட்டுத் துன்னு. டீச்சருக்கும் குடு. அவங்களுக்குக் குடுக்காம நீயே முடிச்சிடாத."

நீலமேகம் படகைத் தள்ள முன்னால் போனான். வேலம்மா கை கழுவிவிட்டு எழுந்தாள். நம் குப்பத்தில் கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்பதில்லை. ஜெயம்மாவும் கேட்கவில்லை, அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன் அத்த."

"ம்."

அப்போதுதான் நீ நிறைகுடத்தோடு திரும்பி வந்து பார்த்தாய் சரோஜா. தூரத்தில் ஆண்கள் இன்னும் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீலமேகம் வீட்டு வாசலில் வேலம்மா பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. வயிற்றில் முதல் மீன் இருக்கிறதே, ஓட்டம் நாளைக்குத்தானே என்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகுத்துறையைப் பார்த்து நிதானமாக நடந்து போனாள்.